காலிப் பாதையும் கார் நிக்கோபார் கப்பலும்

போன மாதம் ஒரு நாள் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அலுவலகத்திலிருந்து போன் வந்தாலே எனக்கு இன்னும் பயம்தான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுகிற ஆள் நான். என் கணவர் இங்கே போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பஸ் ஸ்டாப் வரை போன பிறகும் என்னைத் திரும்பி அழைத்து வந்திருக்கிறார். அப்படிப்பட்டவளுக்கு முப்பத்து மூன்று வருடம் கணினிப் பிரிவில் வேலை கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

"அக்கா, ஒரே ஒரு டவுட். உங்க பழைய புரோகிராம் எல்லாத்துலயும், ஃபைலோட பாத் காலியா இருக்கான்னு ஒரு செக் வச்சிருக்கீங்க. அதத்தான் கர்னலே பாத்துக்குதே? இப்ப வர்ற கர்னல்ல காலி பாத் குடுக்கறதுக்குன்னே தனியா ஒரு ஃப்ளாக் இருக்கு. இத எல்லாம் எடுத்துடவா?"

"எடுக்காதே" என்றேன்.

"ஏன்க்கா?"

"கர்னல்ல எவளாவது கை வச்சிருந்தா?"

அவள் சிரித்தாள். கர்னலில் யார் கை வைப்பார்கள் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் நிம்மதியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். எடுக்காதே என்று சொன்ன காரணத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதுதான் இது.

கணினி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராம் தானாக எந்த ஃபைலையும் தொட முடியாது. கர்னல் என்று அடியில் ஒன்று இருக்கிறது. அதனிடம்தான் கேட்க வேண்டும். "இந்தப் பாதையில் இருக்கிற ஃபைலைத் திறந்து கொடு" என்று கேட்டால் அது திறந்து கொடுக்கும். பாதை என்பது தபாலில் எழுதும் விலாசம் மாதிரி. சரி, விலாசமே எழுதாமல் ஒன்றைக் கேட்டால் கர்னல் என்ன செய்ய வேண்டும்? மிகப் பழைய யூனிக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றில், விலாசம் காலியாக இருந்தால் "நீ இப்போது நிற்கிற இடம்தான்" என்று கர்னல் எடுத்துக்கொள்ளும். பிறகு வந்தவை அப்படிச் செய்வதில்லை. "அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ கிடையாது" என்று முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடும். நித்யா சொன்ன புது ஃப்ளாக், கேட்கும்போது கூடவே வைக்கும் ஒரு குறி, அது வேறு சமாசாரம். ஏற்கெனவே திறந்து கையில் பிடித்திருக்கும் ஃபைலைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் காலிப் பாதையை ஏற்றுக்கொள்ளும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாய்விட்டுச் சொல்லாத காலிதான் என் பயம்.

என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கேயே குவார்ட்டர்ஸ். படிப்பு போர்ட் பிளேரில், பயிற்சி மெயின்லேண்டில் இரண்டு வருடம், அங்கே சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை, ஊரும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, தீவுகளுக்கிடையே பயணிகள் கப்பல் விடுகிற ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இன்று அந்தப் பெயரில் நிறுவனமும் இல்லை, வேறொருவர் கைக்குப் போய்விட்டது; நித்யா வேலை பார்ப்பது அவர்களிடம்தான். டிக்கெட் கொடுப்பது, யார் யார் கப்பலில் ஏறினார்கள் என்று பட்டியல் வைப்பது, இவைதான் எங்கள் வேலை.

எங்களுக்கு மேலே சுப்பையா சார். திருநெல்வேலிப் பக்கம். அவரைப் போல ஆளை எரிச்சலூட்டக்கூடிய மனிதரை நான் பார்த்ததில்லை. எந்தக் கட்டளையையும் நேராகக் கீபோர்டில் அடிக்க விடமாட்டார். பழைய பிரிண்ட் காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும். அதை அவர் உரக்கப் படிப்பார். காற்புள்ளி முதற்கொண்டு படிப்பார். பிறகு நான் அடிப்பேன். என்டர் தட்டும் முன்பு திரையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். தப்பில்லை என்றால் "ம்" என்பார். அந்த "ம்" வரும்வரை என் விரல் காற்றில் நிற்கும். இரண்டு நிமிட வேலை இருபது நிமிடம் ஆகும். அவர் இல்லாதபோது நாங்கள் அவரைப் போலக் காற்புள்ளியை ராகம் போட்டுப் படித்துச் சிரிப்போம்.

இப்போது எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிக்கெட் படிவத்தில் 'ஏறும் இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் அதை நிரப்ப மாட்டார்கள். ஹேடோவில் நின்றுகொண்டு ஹேடோ என்று எதற்கு எழுதுவது? கார் நிக்கோபார் கவுண்டரிலும் அதே கதைதான். கமோர்ட்டாவிலும் அப்படித்தான். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள், எல்லோருக்கும் இதில் மட்டும் ஒற்றுமை. "காலி ஹை தோ யஹீன் ஸே" என்பார் கவுண்டர் கிளார்க் ராவ். காலியாக விட்டால் இங்கிருந்துதான் என்று பொருள். நான் சின்னப் பெண்ணாக அப்பாவோடு வரிசையில் நின்ற காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு. அது தவறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய இயந்திரத்தில் இது சிக்கலில்லாமல் ஓடியது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு டைரக்டரி, ஃபைல்களை வைக்கும் அலமாரி மாதிரி. கட்டத்தில் இருக்கும் பெயர்தான் பாதை. கட்டம் காலி என்றால் பாதையும் காலி. பழைய கர்னல் அதை 'இங்கே' என்று எடுத்துக்கொண்டு அந்தக் கவுண்டரின் டைரக்டரியையே திறக்கும். பிறகு புது இயந்திரங்கள் லினக்ஸோடு வந்தன. முதல் நாளே ரகளை. கட்டம் காலியாக இருந்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் "அப்படி எதுவும் கிடையாது" என்று புரோகிராம் படுத்துக்கொண்டது. வரிசை ரோடு வரை போயிற்று. ஆறு கவுண்டரிலிருந்தும் போன். ராவ் என் மேஜைக்கே வந்து கத்தினார்.

"வசந்தி ஜி, இது என்ன மெஷின்? காலி விட்டா யஹான்தான்னு அதுக்கு மாலும் இல்லியா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மெஷினுக்கு எங்கள் ஊர் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

சுப்பையா சார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கர்னல் சரியாத்தான் சொல்லுது. படிவத்த மாத்து. கட்டம் காலியா இருந்தா டிக்கெட் போவாதுன்னு புரோகிராமுல வையி. ஒரு மாசம் கஷ்டப்படுவாங்க, பொறவு பழகிரும்."

ஒரு மாசம்! நாற்பதுக்கும் மேல் புரோகிராம்கள். அத்தனையிலும் அந்தக் கட்டம் வருகிற இடத்தைத் தேடித் திருத்த வேண்டும். தினம் தினம் ஆறு தீவின் வசவு. அடுத்த வாரமே அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். கப்பல், ரயில் என்று போக வர இருபது நாள் லீவு.

அந்த இருபது நாளில் நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். லினக்ஸ் கர்னலின் மூல நிரல் யாரும் திறந்து பார்க்கக்கூடியது. பாதையை வாங்குகிற இடத்தைத் தேடினேன். காலியா என்று பார்த்து மறுக்கிற வரி அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு, காலியாக இருந்தால் 'இங்கே' என்று வைத்துக்கொள் என இரண்டு வரி எழுதினேன். காகிதத்தில் எழுதவில்லை. யாரும் உரக்கப் படிக்கவில்லை. தொகுத்து, எல்லா இயந்திரத்திலும் போட்டேன். மறுநாள் கவுண்டர்களில் சத்தம் அடங்கிப் போயிற்று. ராவ் ஒரு தட்டு ஜிலேபி வாங்கி வந்தார். கர்னலையே திருத்திவிட்டேன் என்ற பெருமையில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சார் திரும்பி வந்து, "கவுண்டர்ல சத்தத்தையே காணோம். என்னத்தப் பண்ணுன?" என்றார்.

"சரி பண்ணிட்டேன் சார்" என்றேன்.

நாற்பது புரோகிராமையும் நான் திருத்திவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். "நல்ல பிள்ள" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அலுவலகப் படியேறும்போது இதே நினைப்பு. இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அது மழைக்காலம். எங்கள் சின்னக் கப்பல் கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்குக் காலை எட்டரைக்குக் கிளம்பியது. யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் ஒன்பது மணிக்கு சாட்டிலைட் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. டிக்கெட் விற்ற பட்டியல் கப்பலிலேயே காகிதத்தில் இருக்கும். அது வேறு. டிக்கெட் வாங்கிவிட்டுக் கடல் கொந்தளிப்பதைப் பார்த்து ஏறாமல் திரும்புகிறவர்கள் நிறைய உண்டு. ஏணிப்படியில் கால் வைத்தவர் யார் என்பது கணினிப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். பட்டியல் வந்த கொஞ்ச நேரத்தில் கார் நிக்கோபார் லைன் போயிற்று. எங்களுக்கும் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே இருந்த டெலிபோன் லைனும் காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. வாக்கிடாக்கி மட்டும்தான்.

பத்தரைக்குக் கப்பலின் எஞ்சின் நின்றுவிட்டது. தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொரு பெரிய கப்பல் அதன் அருகில் போய், ரப்பர் படகுகளில் பயணிகளையும் மாலுமிகளையும் மாற்றி ஏற்றிக்கொண்டது. அலை அதிகம், காற்று அதிகம். எஞ்சின் நின்ற கப்பலை அப்படியே நங்கூரத்தில் விட்டுவிட்டு, மறுநாள் இழுவைக் கப்பல் அனுப்புவதாக முடிவு. நங்கூரம் பிடிக்குமா என்று யாருக்கும் உறுதியில்லை. ஒரு மணிக்கு "எல்லோரும் மாறிவிட்டார்கள்" என்று செய்தி வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. டீ குடித்தோம்.

ராவ் கடமை தவறாதவர். உடனே அந்தப் பயணத்தை முடித்து வைக்கும் படிவத்தைத் திறந்தார். அதில் 'பயணம் முடிந்த இடம்' என்று ஒரு கட்டம். நடுக்கடலில் முடிந்த பயணத்துக்கு எந்த ஊரை எழுதுவார்? காலியாக விட்டார். அந்தப் படிவத்தை மூடியதும் ஒரு புரோகிராம் தானாக ஓடும். நாங்கள் அதற்கு ஜாடு என்று பெயர் வைத்திருந்தோம், துடைப்பம். பயணம் முடிந்த துறையின் டைரக்டரிக்குப் போய் அங்கே தங்கிவிட்ட பழைய பட்டியல்களைத் துடைப்பது அதன் வேலை. இன்று அதற்குக் கிடைத்த பாதை காலி. நல்ல கர்னலாக இருந்தால் அப்படி ஓர் இடம் இல்லை என்று சொல்லியிருக்கும், ஜாடு சும்மா நின்றிருக்கும். என் கர்னல் 'இங்கே' என்று சொன்னது. ஜாடு நின்றிருந்த இடமோ, அன்றைக்குக் கடலில் இருக்கும் எல்லாக் கப்பல்களின் பட்டியலும் இருந்த டைரக்டரி. சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டது.

எங்களுக்கு அது தெரியாது.

அந்த நேரத்தில் எங்கள் வராந்தா பெஞ்சில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பார்வதி என்று பெயர். பெரார்கஞ்சில் வாடகை வீடு, சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். புருஷன் முருகேசன் கொத்தனார், கார் நிக்கோபாரில் ஒரு டேக்கேதாரிடம், அதாவது காண்டிராக்டரிடம், வெளியாட்களுக்கான பாஸ் எடுத்துப் போய் மூன்று மாதமாக வேலை. கப்பல் நின்றுவிட்டது என்று பஜாரில் கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். முந்தானை முழுக்க நனைந்திருந்தது.

"அக்கா, அவரு இந்தக் கப்பல்ல வரேன்னு சொன்னாரு. வராமயும் இருந்திருப்பாரு, கூலி பாக்கி வாங்கணும்னு சொன்னாரு. ஏறினாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"எல்லாரும் பத்திரமா வேற கப்பல்ல ஏறிட்டாங்கம்மா. பயப்படாதே" என்றேன். அவளுக்கு டீ கொடுக்கச் சொன்னேன்.

இரண்டு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த பிமல், வங்காளி. எப்போதும் கிண்டல் பேசுகிறவன். அன்று குரலே வேறாக இருந்தது.

"வசந்தி தீதி, காகஸ் மேன் பாஸட், கின்தி மேன் இக்ஸட். ஏக் ஆத்மி கம் ஹை. நாம் முருகேசன். லிஸ்ட் தேக்கோ, சடா கி நஹீன்?"

காகிதத்தில் அறுபத்திரண்டு பேர், எண்ணினால் அறுபத்தொன்று. ஒரு ஆள் குறைகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் முருகேசன் என்ற பெயருக்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. அவன் ஏறினானா இல்லையா?

பார்வதிக்கு ஹிந்தி எங்களைவிட நன்றாகவே தெரியும். பெஞ்சிலிருந்து எழுந்து வாசலில் வந்து நின்றாள்.

நான் பட்டியலைத் திறக்கக் கை வைத்தேன். இல்லை. டைரக்டரியைப் பார்த்தேன். ஒரு ஃபைல்கூட இல்லை. முந்தின நாள் இரவு நகல் எடுத்த டேப்பில் இன்று காலை வந்த பட்டியல் இருக்காது. கார் நிக்கோபாரைக் கேட்க லைன் இல்லை. பிமல் மறுபடி வாக்கிடாக்கியில் வந்தான். அந்தப் பெரிய கப்பலின் கேப்டன் மூன்றரை வரைதான் அங்கே நிற்பார், அதற்கு மேல் நின்றால் தன் பயணிகளுக்கே ஆபத்து என்கிறார். ஏறவில்லை என்றால் இப்போதே கிளம்பிவிடுவார், ஏறினது உறுதியானால்தான் அந்த அலையில் மறுபடி படகு இறக்குவார். ஏறியிருந்தால் அவன் எஞ்சின் நின்ற கப்பலில் எங்கேயோ இருக்க வேண்டும், இல்லை கடலில் இருக்க வேண்டும்.

ராவ் ஓடி வந்து கணினியின் சுவிட்சில் கை வைத்தார். "ரீஸ்டார்ட் கர் தூன்? ஆ ஜாயேகா." எது நடந்தாலும் அணைத்துப் போட்டால் வந்துவிடும் என்பதுதான் எங்கள் அலுவலகத்து வைத்தியம். நானும் தலையாட்டியிருப்பேன். பின்னாலிருந்து சுப்பையா சார் குரல்.

"ஹாத் மத் லகாவ்! எவனும் எதையும் தொடக் கூடாது."

ராவ் கையை எடுத்தார். சார் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு பதினொன்று. ஒரு பழைய பிரிண்ட் காகிதத்தைத் திருப்பிப் போட்டு என்னிடம் பென்சிலைக் கொடுத்தார்.

"எப்படிப் போச்சு?"

ஜாடு ஓடியதைப் பதிவேட்டில் காட்டினேன். பாதை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர் புருவத்தைச் சுருக்கினார். "காலிப் பாதைக்கு கர்னல் மறுத்திருக்கணும்லா?"

இரண்டு மாதமாக மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். "நான்தான் சார் மாத்தினேன். கர்னல்லயே மாத்திட்டேன். நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "அதப் பொறவு பாப்பம். அழிச்சது பேரைத்தான். அந்த ஃபைல இன்னும் எவனாவது கையில பிடிச்சிட்டிருக்கானா, அதச் சொல்லு."

அந்த நிலைமையில் எனக்கு அது தோன்றியே இருக்காது. ஒரு ஃபைலை அழித்தால் டைரக்டரியிலிருந்து அதன் பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், அந்தப் புரோகிராம் விடும்வரை உள்ளே இருப்பது இருக்கும். விட்ட கணத்தில் எல்லாம் போய்விடும். இயந்திரத்தை அணைத்திருந்தாலும் போயிருக்கும்.

ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் என்னென்ன திறந்து வைத்திருக்கிறது என்று கர்னலிடம் கேட்கலாம். கேட்கும் கட்டளையைப் பென்சிலால் எழுதினேன். அவர் படித்தார். ஒரு காற்புள்ளியும் விடாமல் படித்தார். வாசலில் பார்வதி நிற்கிறாள், வாக்கிடாக்கியில் பிமல் "தீதி, தீதி" என்கிறான், இவர் காற்புள்ளி படிக்கிறார். அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்று இருந்தது. "ம்" என்றார். தட்டினேன்.

பட்டியல் நீளமாக வந்தது. அதன் நடுவே ஒரு வரி. துறைமுகத்துக்குப் பட்டியல் அனுப்பும் புரோகிராம், லைன் செத்துப்போனதால் காலை ஒன்பதிலிருந்து மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. கார் நிக்கோபார் பட்டியலைத் திறந்து பிடித்தபடி இருந்தது. ஃபைல் பெயருக்குப் பக்கத்திலேயே 'அழிக்கப்பட்டது' என்று கர்னல் எழுதியிருந்தது.

"எவ்வளவு நேரம் முயற்சி பண்ணும்?" என்றார் சார்.

அதை எழுதியதும் நான்தான். "ஆறு மணி நேரம் சார். அப்புறம் விட்டுடும்."

ஒன்பதும் ஆறும். மூன்று மணிக்கு அது கையை விட்டுவிடும். கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து.

"அத அப்படியே நிறுத்தி வச்சிரலாமா சார்?" என்றேன்.

"அது பக்கத்துலயே போவாத. மொதல்ல நகல் எடு."

நிறுத்தி வைத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று எதிர்த்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை? நகல் எடுக்கும் கட்டளையை எழுதினேன். எங்கே நகலைப் போடுவது என்ற இடத்தில், வழக்கம்போல ஒரு மாறியின் பெயரை, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டியின் பெயரை, எழுதினேன். மற்றொரு டிஸ்க்கின் பாதை அதற்குள் இருக்கும்.

அவர் பென்சில் முனையை அங்கே வைத்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"பாதை இருக்கும் சார்."

"இருக்குமா, இருக்கா?"

பார்த்தேன். இல்லை. காலி. நான் உட்கார்ந்திருந்த அந்தத் திரையில் யாரும் அதை நிரப்பியிருக்கவில்லை. நான் அப்படியே தட்டியிருந்தால் என் கர்னல் அதையும் 'இங்கே' என்று எடுத்துக்கொண்டு எங்கே எதை எழுதியிருக்குமோ, இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த ஒரு விநாடியில்தான் அந்த இரண்டு வரிகளின் பயங்கரம் எனக்கு முழுசாகப் புரிந்தது. காலிக் கட்டம் எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லா இடத்திலும் சம்மதம் சொல்லும் ஒன்றை அடியில் வைத்துவிட்டு நான் இரண்டு மாதம் தூங்கியிருக்கிறேன்.

முழுப் பாதையையும் எழுத்து எழுத்தாக எழுதினேன். அவர் படித்தார். தட்டினேன். நகல் வந்தது. திறந்தேன். முருகேசன் என்ற பெயரைத் தேடினேன். கொத்தனார், பெரார்கஞ்ச், பாஸ் எண், ஏணியில் ஏறிய நேரம் ஏழு நாற்பது. பக்கத்தில் டிக்.

சார் வாக்கிடாக்கியை எடுத்தார். "பிமல், சடா ஹை. பக்கா சடா ஹை. படகு அனுப்பச் சொல்லு." இரண்டு ஐம்பத்தைந்து.

பார்வதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அதுவரை வேண்டிக்கொண்டிருந்தது அவன் ஏறியிருக்கக் கூடாது என்றுதான். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு அந்த அனுப்பும் புரோகிராம் தானாக நின்றுபோனதாகத் திரையில் ஒரு வரி வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அது என்ன என்று தெரியாது.

மூன்று நாற்பதுக்குப் பிமல் வாக்கிடாக்கியில் வந்தான். "மில் கயா, தீதி! ஜிந்தா ஹை!" முருகேசன் உயிரோடு கிடைத்துவிட்டான். எஞ்சின் நின்ற கப்பலில், கீழ்த்தளத்துக் கழிவறைக்குள் இருந்தான். வாந்தி எடுக்கப் போயிருக்கிறான். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததும் இரும்புக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. மேலே படகுக்கு ஆள் ஏற்றுகிற கூச்சலில் அவன் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு மாலுமிகள் கடப்பாரை போட்டுத் திறந்திருக்கிறார்கள். அன்று இரவே நங்கூரம் அறுந்து அந்தக் கப்பல் பாறையில் போய் மோதியது என்பது பிறகு தெரிந்தது.

மாலையே சார் என்னை உட்கார வைத்து அந்த இரண்டு வரியையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு அறிக்கை. அதையும் பென்சிலால்தான். "பிழை ஏற்பட்டது" என்று எழுதினேன். அடித்துவிட்டு "நான் பிழை செய்தேன்" என்று எழுதச் சொன்னார். தான் சரிபார்க்கத் தவறியதாக ஒரு வரி கீழே அவரே எழுதினார். எனக்கு இரண்டு வருட ஊதிய உயர்வு நின்றது, அவருக்கும் நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு "நல்ல பிள்ள" என்றும் சொன்னதில்லை. நாற்பது புரோகிராமையும் நான் ஒன்றரை மாதத்தில் திருத்தினேன். கர்னலை நம்பாமல், ஒவ்வொன்றிலும் பாதை காலியா என்று பார்க்கும் வரியையும் போட்டேன். நித்யா எடுக்கக் கேட்டது அந்த வரிகளைத்தான்.

சம்பவத்துக்கு மறுநாள் மதியம், பயணிகளை ஏற்றிக்கொண்ட அந்தப் பெரிய கப்பல் ஹேடோவுக்கு வந்தது. நான் துறைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பார்வதி என்னைக் கூட்டத்தில் கண்டுபிடித்து அவனை இழுத்து வந்தாள். ஒடிசலான ஆள், மணிக்கட்டில் பழைய வாட்ச், உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

"இந்த அக்காதான். இவங்கதான் லிஸ்ட்டத் தேடி எடுத்தாங்க. இல்லேன்னா விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிக் குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவள் பார்வையைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்த லிஸ்ட்ட அழிச்சதே நான்தாம்மா. என் தப்பாலதான் அழிஞ்சுது. அதனாலதான் தேட வேண்டியதாப் போச்சு."

பார்வதிக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபமில்லை. சுவர் கட்டும்போது அளவு கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டான்.

"ஆளக் காணோம்னு உங்களுக்கு எத்தன மணிக்குச் சொன்னாங்க?"

"ரெண்டு மணிக்கு."

"லிஸ்ட் எப்பக் கெடச்சுது?"

"ரெண்டு அம்பத்தஞ்சு."

அவன் துணி சுற்றிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டரைக்கு, இனி யாரும் வரமாட்டாங்கன்னு, நான் தட்டறத நிறுத்திட்டேங்க்கா" என்றான்.